பாகல்கொடி யாருக்குச் சொந்தம்

பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் நான் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பதைத் தறியில் ஏற்றி நெய்வார்கள். மயில், அன்னம், யாளி என்று கடை முதலாளி கேட்பதைப் போட்டுக் கொடுத்தே பல வருஷம் ஓடிவிட்டது. அவற்றை ஒருநாளும் என்னுடையவை என்று நினைத்ததில்லை. கோயில் தூணில் இருப்பதை நானும் வரைகிறேன், பக்கத்துத் தெருக்காரரும் வரைகிறார்.

பாகல்கொடி அப்படி வந்ததல்ல. என் கணவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் ஒரு பாகல் தானாக முளைத்து ஏறியிருந்தது. அவர் கண் அசந்திருக்கும்போது அந்த இடத்தை விட்டு எழ எனக்குப் பயமாக இருக்கும். கொடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். கம்பியைப் பிடிக்கத் தேடும் சுருள்கள், சின்ன மஞ்சள் பூக்கள், பூச்சி அரித்து ஓட்டை விழுந்த ஒரு இலை. கை சும்மா இருக்காமல் வரையத் தொடங்கியது. யாரும் கேட்டு வரைந்ததல்ல. அவர் எழுந்து நடமாடியபோது அது முழு பார்டராகவே ஆகிவிட்டிருந்தது.

முதலாளியிடம் காட்டியதும் சிரித்துவிட்டார். "கல்யாணச் சேலையில பாகக்காயாம்மா? பொண்ணு வூட்டுக்காரங்க அபசகுனம்னு வெச்சிட்டுப் போயிடப் போறாங்க."

"காய் இல்லண்ணா. கொடியும் பூவும் மட்டும்தான்."

சரி, ஒன்று நெய்து பார்க்கலாம் என்று, அவருக்கு நெய்யும் ஒரு தம்பதிக்குக் கொடுத்தார். அந்த வீட்டுப் பெண் தறியில் உட்கார்ந்தபடி என்னை போனில் கூப்பிட்டாள். "அக்கா, எலையில ஒரு ஓட்டை வருது, தப்பா போட்டுட்டீங்களா?" தப்பில்லை, பூச்சி தின்றது என்றேன். "பூச்சியையும் வுட்டு வெக்கலையா?" என்று சிரித்தாள்.

சேலை கடைக்குப் போன வேகத்தில் விற்றுப்போனது. அதையே கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஒரு தறி நான்கானது. முகூர்த்தக் கூட்டத்தில் யாரோ முகம் தெரியாத பெண்ணின் தோளில் என் கொடி போவதைப் பார்த்தால், எனக்கு அன்று முழுக்க வேறெதுவும் வேண்டியிருக்காது.

அப்புறம் ஒருநாள், ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கம்பெனியில் பொங்கல் விழா என்று, பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் சேலை கட்டியிருந்தார்கள். அவள் கட்டியிருந்தது பாலியெஸ்டர். பார்டர் நெய்ததல்ல, அச்சடித்தது. பாகல்கொடி.

"எங்கேம்மா வாங்கினே?"

"ஆன்லைன்லக்கா. காஞ்சி டிசைன்னு போட்டிருந்தான். கம்பெனியில எங்க லைன்ல வேலை செய்யுறவங்க எல்லாரும் சேந்து வாங்கிக்கினோம். நல்லா இருக்குதா?"

அவள் மடியில் கிடந்த முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒருவேளை வேறு யாருக்காவது இப்படி ஒரு கொடி தோன்றியிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த இலை இருந்தது. அதே பக்கம், அதே ஓட்டை. எடுத்தவனுக்கு அது என்ன என்றே தெரிந்திருக்காது. "நல்லா இருக்குதும்மா" என்றேன். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவள் நல்ல மனசோடுதான் கட்டியிருந்தாள்.

முதலாளி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஷோரூம்ல மாட்டின அன்னிக்கே போட்டோ எடுத்துக்கினு போயிடுவானுங்கம்மா. இதெல்லாம் புதுசா? வுடு." என்னால் விட முடியவில்லை. கோர்ட்டுக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தேன்.

நான் பென்சிலால் வரைந்த தாள்களையும் பாலியெஸ்டர் சேலையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது யாராவது ஆர்டர் கொடுத்து வரைஞ்சதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ நீங்க வரைஞ்ச நிமிஷத்துலயே காப்பிரைட் உங்களோடது. அதுக்குப் பதிவுகூட தேவையில்லை."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னேன்.

"இதுவரைக்கும் எத்தனை சேலை நெய்திருப்பாங்க?"

"எழுபது, எண்பது இருக்கும் மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பொறுமையாகத்தான் விளக்கினார். துணியில் போடுகிற டிசைனுக்குத் தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. அதில் பதிவு செய்யாமல் விட்டு, நம் அனுமதியோடு ஐம்பது தடவைக்கு மேல் பொருளாகச் செய்துவிட்டால், அந்த டிசைன் மேல் இருந்த காப்பிரைட் போய்விடும். இனிமேல் பதிவு செய்யலாம் என்றால், ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட டிசைனை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"இது கைத்தறி மேடம். மெஷின் இல்லையே?"

"கையால செஞ்சாலும் அந்தச் சட்டத்துல சேரும்னுதான் எதிர்த்தரப்பு சொல்லும். நாம மறுத்து வாதாடலாம். வருஷக்கணக்குல இழுக்கும். ஜெயிப்போம்னு நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"யாருமே வாங்காம இருந்திருந்தா, இது இன்னும் என்னோடதா இருந்திருக்குமா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். அவருக்கே அதைச் சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது போல, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

கேட்டுத்தான் பார்ப்போமே என்று அந்த ஆன்லைன் கடைக்கு என் சார்பில் எழுதினார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். சில நாளில் வேறு பெயரில், வேறு நிறத்தில் அதே கொடி வந்து நின்றது. காலையில் காபி போடுவதற்கு முன்பே போனைத் திறந்து தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. "பாக்காதே" என்பார் கணவர். "எனக்கு ஒடம்பு முடியாதப்போ நீ போட்டது அது. அதைப் பாத்துப் பாத்து நீயே வெறுத்துடப் போறே." ஆனாலும் பார்த்தேன்.

அடுத்ததாக, மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குருவிகளை வரைந்தேன். இந்த முறை வக்கீல் முன்னாலேயே சொல்லிவிட்டார். நானாக வரைய வேண்டும். விண்ணப்பம் போகும்வரை யாருக்கும் காட்டக் கூடாது. முதலாளி சொல்லி, காசு வாங்கிக்கொண்டு வரைந்தால் அந்தச் சட்டப்படி அது அவருக்குத்தான் போகும்.

முதலாளியிடம் இதைச் சொன்னபோது முகம் கறுத்துவிட்டது. "எனக்கே காட்ட மாட்டியா? பாகக்கொடியை வேற யாரும்மா தறியில ஏத்தியிருப்பான்?"

அது நியாயமான கேள்வி. அவர் துணியாவிட்டால் அந்தக் கொடி என் மேஜையிலேயே கிடந்திருக்கும். "நீங்கதான் நெய்யணும்ணா. ஆனா டிசைன் என் பேர்ல இருக்கட்டும்" என்றேன்.

விண்ணப்பத்துக்கான வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆவணி முகூர்த்தம் நெருங்கியது. அந்த நெசவுக்காரப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அக்கா, தறியில பாவு நூலு ஏத்தி வெச்சிக்கினு சும்மா உக்காந்துக்கினு இருக்கோம். பழைய டிசைன் வேணாம்னுட்டாரு மொதலாளி. நீங்க எப்போ குடுப்பீங்க?"

காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள். "எங்க வூட்லேர்ந்தாக்கா திருட்டுப் போச்சு?"

"ஐயோ, இல்லம்மா." யாரோ எங்கிருந்தோ எடுத்ததற்கு இவள் வீட்டுத் தறி நிற்கிறது.

ஒருவழியாக விண்ணப்பம் போனது. டிசைன் என்னுடையது, நெய்து விற்கும் உரிமை அவருடையது என்று வக்கீல் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். முதலாளி படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். "அடுத்ததுக்கு வேற ஆளப் பாத்துக்கறேம்மா. கோவம்லாம் இல்ல. எனக்கு வக்கீல வெச்சிக்கினு யாவாரம் பண்ணத் தெரியாது." சொன்னபடியே செய்தார். இப்போது வேறு இரண்டு கடைகளுக்கு வரைந்து கொடுக்கிறேன். என் பெயரில் குருவிகளுக்குப் பதிவும் கிடைத்துவிட்டது. இதுவரை யாரும் எடுக்கவில்லை.

அதற்கெல்லாம் முன்பு, முதல் குருவிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்த அன்று, அந்தப் பெண்தான் என்னைக் கூப்பிட்டாள். போனேன். கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். மாம்பழ நிறத்தில் பார்டர் முழுக்கக் குருவிகள். நான் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் போனை எடுத்தாள், ஸ்டேட்டஸ் வைக்க.

"போட்டோ வேணாம்!" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.

அவள் சட்டென்று போனைத் திருப்பி வைத்தாள். "சரிக்கா. உங்க பொருளு." அவள் கணவர் எழுந்து வெளியே போனார். அத்தனை நாள் உட்கார்ந்து நெய்தவர்கள் அவர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. விண்ணப்பம் போய்விட்டால் அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் அவளை போனில் கூப்பிட்டேன்.

"அந்தப் போட்டோவ எடுத்துக்கம்மா. ஸ்டேட்டஸ்லயும் வெச்சிக்கோ."

"பரவால்லக்கா" என்றாள். "சேலை காலையிலயே கடைக்குப் போயிடுச்சி."