செத்தவீட்டன்று ஓடிய மெசின்

மீனாம்பிகை என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். புருசன் போனபிறகு செம்மண்ணைத் தனியாகக் கொத்தி, வெங்காயம் வைத்து, இரண்டு பெட்டைகளையும் கட்டிக் கொடுத்தாள். தோட்டத்தில் அவள் செருப்புப் போட்டு நான் கண்டதில்லை.

அவளுக்குத் தனித் தோட்டக் கிணறு இல்லை. நாலு குடும்பத்துக்கும் ஒரு பங்குக் கிணறுதான். ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை. கிணறு இருப்பது சண்முகநாதன் அண்ணையின் வளவுக்குப் பின்னால். வேலி தள்ளி அடைத்த சண்டையில் அந்த வீட்டோடு மீனாவுக்குக் கனகாலமாகக் கதையில்லை.

பங்குக்காரர் வீட்டில் பிரேதம் கிடந்தால், எடுக்கும்வரை ஒருவரும் தண்ணீர் இறைக்கிற மெசினைப் போடக்கூடாது. முந்தி காலமை செத்தால் பின்னேரம் சுடலை. இப்போது அப்படியா? இந்தப் பங்குனியில் அண்ணை செத்தபோது, கனடாவிலிருந்து மகன் மயூரதன் வரட்டும் என்று பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். பிளேன் பிந்தியது. வெயில் பிந்தவில்லை. மீனாவின் வெங்காயம் திரளுகிற நேரம். தாள் நுனி கருகத் தொடங்கிவிட்டது. போன போகத்தை மழை அழித்தது. இதுவும் போனால் தோட்டத்தையே விடவேண்டியதுதான்.

"போய்க் கேளன் மீனா," என்றேன்.

"செத்தவீட்டிலை போய்த் தண்ணி கேக்கிறதோ? உனக்கு விசரே?"

வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் சுமந்து ஊற்றினாள். அது எந்த மூலைக்குக் காணும்?

மயூரதன் வந்திறங்கும் அன்று காலமை, அண்ணையின் மனுசி சரோசினிதேவி அழுத முகத்தோடு பின்வளவால் வந்தார். மீனா காணாதவள் மாதிரி வாளியைத் தூக்கினாள்.

"வாளியைக் கீழை வை. இண்டைக்கு ஆரின்ரை முறை?"

"உங்கடை."

"எங்கடை முறையை உனக்குத் தாறன். இறை."

"சனம் என்ன கதைக்கும்?"

"சனமே வெங்காயம் வைச்சது?" என்று சொல்லிக்கொண்டே சரோசினிதேவி அக்கா மெசின் கயிற்றை இழுத்தார். அது உறுமவேயில்லை.

"கயித்தைச் சுத்தாமல் இழுத்தால் விடியுமட்டும் இழுக்கலாம். தள்ளுங்கோ அக்கா," என்று மீனா வாங்கினாள்.

சத்தம் கேட்டுப் பந்தலில் இருந்த ஆண்கள் வந்துவிட்டார்கள். அண்ணையின் மச்சான் ஒருவர், "உதென்ன பழக்கம்? பிரேதம் உள்ளுக்குக் கிடக்கு," என்று தொடங்கினார்.

"கிடக்கிறது என்ரை மனிசன். நீங்கள் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ," என்றார் அக்கா. மச்சான் போய்விட்டார்.

மீனா மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பினாள். கடைசிப் பாத்திகள் கிடக்கும்போதே ஒழுங்கை முகப்பில் மயூரதனை ஏற்றிவந்த வானின் கோன் சத்தம் கேட்டது. ஓடிப்போய் மெசினை நிற்பாட்டினாள்.

"இன்னும் கொஞ்சந்தானே, விடன்," என்றேன்.

"பெடியன் தேப்பனைப் பாக்க வாறான். உந்தச் சத்தத்துக்குள்ளையோ அழுறது?"

மற்றது தப்பும், தன் முறை வருமட்டும் அந்தப் பாத்திகள் தப்பாது என்று அவளுக்குத் தெரியும். கால் சேற்றைக் கழுவி, அந்த வீட்டுப் படலையைத் திறந்து போய், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.