எழுதாமல் விட்ட கடதாசி

சீனி, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு உன்னைப்பற்றி எழுதித் தரச்சொல்லி உன் மனைவி கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது இறக்கக்கண்டிக் கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். கம்பனி வாகனச் சாரதிதான் போன் எடுத்தார். "அக்கா, சேர் போயிட்டார். காலமை நெஞ்சு நோகுது எண்டவர். ஆஸ்பத்திரி வாசலோட சரி." போனை மடியில் வைத்துவிட்டு மிச்சக் கருவாட்டையும் புரட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

என் தம்பியை உங்களில் பலர் கம்பனிச் சேர் என்றுதான் அறிவீர்கள். கரையில் கனிய மணல் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கும் கம்பனிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று கதைப்பது அவன் உத்தியோகம். முதல் கூட்டத்தில் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் கேட்டார்: "என்ன மருமோன், பிறந்த ஊரை விலை பேச வந்தனீங்களோ?" எல்லோரும் சிரித்தார்கள். தம்பி கதிரையைத் தள்ளிவிட்டு மணலில் குந்தினான். "நீங்கள் ஏலாது எண்டால், ஏலாது எண்டுதான் மாமா எழுதுவன்." அப்படியே எழுதினான். எழுதியதைச் சொன்னவருக்கே உரத்து வாசித்துக் காட்டினான். அவர் "ஓம்" என்ற பிறகுதான் கையெழுத்து. எந்த ஊருக்குப் போனாலும் அதுதான் அவன் முறை.

ஒருநாள் மூடாத துளை ஒன்றில் ஆட்டின் கால் அகப்பட்டு முறிந்தது. அன்றிலிருந்து பின்னேரங்களில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, துளை துளையாகப் போய் மண் போட்டு மிதிப்பான். "ஆடு வந்து முறைப்பாடு குடுக்காது அக்கா" என்பான்.

கரைவலை இழுக்கும் கரைத்துண்டைப் பாடு என்போம்; அந்தப் பாட்டில் மட்டும் துளையும் வேண்டாம், தோண்டலும் வேண்டாம் என்று ஊர் கேட்டது. மேலிடத்தோடு கதைத்து ஒத்துக்கொள்ள வைத்தான். அதை எழுதி வாசிக்கவென்று கடதாசி எடுத்தபோது, வலை கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. சனம் எழும்பி ஓடியது. நான்தான் சொன்னேன்: "விடு சீனி, உன்ர வாய் போதாதே? வந்து கயித்தைப் பிடி." தலைப்பு மட்டும் எழுதியிருந்த கடதாசியை என்னிடம் தந்துவிட்டு வந்து இழுத்தான். அன்றைக்குக் கீரிமீன் நன்றாகப் பட்டது. பிறகு அவனும் கடதாசியைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

போன கிழமை கம்பனிக்காரர் அந்தப் பாட்டில், தோண்டுவதற்கென்று, சிவப்பு நாடா கட்டிய தடிகளை நட்டுவிட்டார்கள். அவன் இடத்துக்கு வந்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது. "அம்மா, சேர் அப்பிடிச் சொன்னதுக்கு எங்களிட்ட ஒரு எழுத்தும் இல்லை." சம்மாட்டியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் எழுதத்தானே வெளிக்கிட்டவன்" என்று மட்டும் சொன்னார். இனி எங்கே போய் வலை இழுப்பது என்று ஒருவருக்கும் தெரியாது.

அவன் சட்டையும் சப்பாத்தும் மனைவியிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அந்தக் கடதாசிதான். அலுமாரியில் சேலைக்குள் வைத்திருக்கிறேன். மேலே "கரைவலைப் பாடு" என்று அவனுடைய வடிவான எழுத்து. கீழே ஒன்றுமில்லை. நான் எழுதினால் ஆர் நம்புவார்கள்?

சீனி, அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அதற்குக் கீழே என்ன எழுதி எங்களுக்கு வாசித்திருப்பாய்?