தொட்டிக்குள்ளிருந்து வந்த பேச்சு

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கூட்டிப் பெருக்குவேன், சாயம் போட்ட துணியைக் காயப்போடுவேன். என் வீட்டுக்காரர் தரைக்கடியில் இருக்கும் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் சேறு வாருவார். தொட்டிக்கு ஒரே வாய், ஒரு ஆள் நுழையும் அகலம்தான். உள்ளே காற்றுப் போக வேறு வழி கிடையாது, விஷவாயு தேங்கிவிடும். அதனால் இறங்குவதற்கு முதல் நாளே மூடியைத் திறந்து, மேலே ஒரு ஃபேனை வைத்து ஓடவிடுவார்கள். இறங்குகிறவர் அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கட்டிக்கொள்வார். மறுமுனை என் கையில் இருக்கும்.

ஆம்பளைகள் நடுவில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். எனக்கும் சேர்த்து அவர் பேசுவார். தொட்டிக்குள் இறங்கினாலும் அந்தப் பேச்சு நிற்காது. நான் மேலே உட்கார்ந்து 'ம்ம்' கொட்டுவேன். பேச்சு வருகிறவரைக்கும் ஆள் நன்றாக இருக்கிறார் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு.

ஒரு ஆடிப்பெருக்குக்குப் பட்டறையில் நாலு நாள் லீவு விட்டார்கள். பவானி கூடுதுறைக்குப் போய்க் குளித்தோம். அங்கே ஆசைப்பட்டு ஒரு ஜமக்காளம் எடுத்தேன், சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்டது. திரும்பும் வழியில் அவர் தங்கை வீட்டுக்குப் போனோம். அவள் அதைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான், மடிப்புக் கலையாமல் அவள் கையில் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது வாயை மூடியவள்தான், அவரோடு பேசவே இல்லை.

லீவு முடிந்த காலை, மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்து மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். அழுகின முட்டை நாற்றம் வந்தது. ஃபேன் ரிப்பேருக்குப் போயிருந்தது. "கொஞ்ச நேர வேலைதான, எறங்கிப் பாருப்பா" என்றார் மேனேஜர். இவரும் கயிற்றைக் கட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பேசுவதில்லை என்று இருந்தேனே, சொல்லவில்லை.

"ஏன் அம்மணி, அந்த ஜமக்காளத்துல தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை படுத்தா முழங்காலு வெளிய நிக்கும். நமக்கு எதுக்கு அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சரி, பேசாட்டிப் போ. நானும் பேசல."

பிறகு சத்தமே இல்லை. பதிலுக்கு வீம்பு பிடிக்கிறாராக்கும் என்று நானும் சும்மா இருந்தேன். ஒரு நிமிடம்கூட வாயை மூட முடியாதவர் அவர் என்பது, இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அப்போது தோன்றவில்லை. கயிறு கனத்தபோதுதான் எட்டிப் பார்த்தேன். சேற்றில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, தலை தொங்கிக் கிடந்தார்.

நான் போட்ட சத்தத்தில், சாயம் கலக்குகிற பாய் ஓடிவந்து ஏணியில் காலை வைத்துவிட்டார். வேறொரு பட்டறையில் மயங்கிய ஒருத்தரைத் தூக்கப் பின்னாலேயே இறங்கிய இருவரும் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பாயின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பாக்கெட் கிழிந்து கையோடு வந்தது.

"உடுங்கக்கா, அண்ணன் போயிருவாருங்க."

"எறங்காதீங்க பாய். நீங்களும் உழுந்துருவீங்க. கயித்தப் புடிங்க."

வாட்ச்மேனும் வந்து சேர, மூன்று பேருமாக இழுத்தோம். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகு, மத்தியானம் போலக் கண் விழித்தார்.

"அக்காவுக்குப் பேச வராதுன்னு சொல்லுவீங்களே அண்ணா, எஞ்சட்டையக் கேளுங்க" என்றார் பாய்.

"உனக்குப் பாக்கெட்டோட போச்சு. இவ பேசாம நாலு நாளா நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார் இவர், குரலே எழும்பாமல். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தவரை மேனேஜர் மறுபடி தொட்டிக்கு அனுப்பினார். ஃபேன் இன்னும் வரவில்லை. இவர் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். நான் விளக்குமாற்றைக் கீழே போட்டேன்.

"அவரு எறங்க மாட்டாருங்க. ஃபேன் வந்து ஒரு நாள் ஓடட்டுங்க."

மேனேஜர் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"அவ சொன்னாச் சரிங்க" என்று கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, இவர் டீ குடிக்கப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் ஃபேன் வந்தது.