கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு தேங்காய்: கல்வராயன் மலைக்குப் போகும் வழியில்

ஜனவரி கடைசி சனிக்கிழமை கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். பெரிய காரணமெல்லாம் இல்லை, பனி விலகுவதற்குள் வெள்ளிமலையில் ஒருநாள் சும்மா இருக்க ஆசை. கள்ளக்குறிச்சியில் காலை 7.10க்கு டவுன் பஸ். கச்சிராயபாளையம் நாற்பது நிமிடம். பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆண்கள் சில்லறையோடு வாருங்கள்.

அங்கே என் கல்லூரித் தோழி செல்வியின் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலையேறுவதாகத் திட்டம். போனால், தோட்டத்தில் போர்வெல் போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீரோட்டம் பார்க்கும் ராஜேந்திரன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார். நான்கு மாமரங்களுக்கு நடுவே அது விருட்டென்று எழுந்து நின்றது. போர் வண்டி அங்கே வர நான்கையும் வெட்ட வேண்டும். செல்வி குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள். போன வருடம்தான் முதல் காய்ப்பு.

ஓ பாசிட்டிவ் ரத்தம் இருந்தால்தான் தேங்காய் நிற்குமாம். எனக்கும் அதே ரத்தம். வாங்கிப் பார்த்தேன், அதே இடத்தில் எனக்கும் நின்றது. இயற்பியல் படித்தவள், அசடு மாதிரி புல்லரித்துப்போனேன்.

செல்விக்குப் புல்லரிக்கவில்லை. "ண்ணா, தண்ணி கீழதான கீது? அப்போ கண்ணைக் கட்டிக்கினு நடந்தாலும் அங்கியேதான நிக்கணும்? ஒரு தபா பாருங்களேன்" என்றாள்.

அவள் கணவர் மணிக்கு முகம் சுண்டிவிட்டது. அவர்கள் பழைய கிணற்றுக்கு இடம் சொன்னதே ராஜேந்திரனின் அப்பாதானாம். அந்தக் குடும்பத்தைச் சோதிப்பதா என்று முணுமுணுத்தார். ராஜேந்திரன் கோபப்படவில்லை. தன் துண்டாலேயே கண்ணைக் கட்டிக்கொண்டார்.

செல்வி அவரை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கையைப் பிடித்து நடத்தினாள். தேங்காய் மூன்று இடத்தில் நின்றது: வரப்போரம், மாட்டுக்கொட்டகைப் பக்கம், வேலியோரம். மாமரங்களுக்கு நடுவே இரண்டு தடவை போனார், அசையக்கூட இல்லை. என் கண்ணையும் கட்டினார்கள். எனக்கு எங்குமே நிற்கவில்லை.

தேங்காய் நின்ற இடங்களில் அடையாளத்துக்கு நாங்கள் வைத்த கற்களையே ராஜேந்திரன் பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தினி வருசமா தேங்காவை எனக்கே தெரியாம நான்தான் தூக்கி நிக்க வெச்சினு இருந்தேன் போலகீதும்மா" என்றார். எனக்கு அவரை அப்போது மிகவும் பிடித்துப்போனது. நிலத்தடி நீர் அலுவலகத்தில் ஆள் கேட்டுப் பார்க்கலாம், மரம் இருக்கட்டும் என்று மணியே சொல்லிவிட்டார்.

10.30 மலைப் பேருந்தில் ராஜேந்திரனும் ஏறினார். வெள்ளிமலைக்கு ஒன்றேகால் மணி நேரம். வளைவுகளில் தலைசுற்றுபவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், ஸ்வெட்டர் கட்டாயம். யார் எதைச் சொன்னாலும் ஒரு தடவை கண்ணைக் கட்டிப் பார்ப்பது என்று நான் முடிவு செய்தபோது மனது லேசாக இருந்தது.

பாதி வழியில் அவருக்குப் போன் வந்தது. மறுநாள் இன்னொரு நிலத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

"வரேங்க. ஆனா கண்ணைக் கட்டிக்கினுதான் பாப்பேன். ரெண்டு தபாவும் ஒரே எடத்துல நிக்கலைன்னா, எனக்குத் தெரியலைன்னு சொல்லிடுவேன். அதுக்குச் சம்மதம்னா வரேன்" என்றார்.