ஈ மருந்து வைப்பவர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஈக்களைக் கொல்ல, விஷம் கலந்த சர்க்கரைத் தட்டு வைப்பவர் அவர். மருந்து தொட்ட வலது கையை உடம்பில் படாமல் தள்ளியே பிடித்திருப்பார். நான் சுகாதாரப் பிரிவு கிளார்க்.

வாந்திபேதி பரவிய வருடம், காண்ட்ராக்ட் கூலிகளின் குடிசைப் பக்கம் தட்டு வைக்கக்கூடாது என்றார் எங்கள் அதிகாரி.

"பசங்க சக்கரைன்னு நக்கிடும்யா."

"அங்கதாங்க ஈ ஜாஸ்தி. நானே காவலுக்குக் குந்திகினு இருக்கேன்."

அதிகாரி மறுத்தும் அவர் வைத்தார். ஷிப்ட் முடிந்ததும் தட்டை வைத்து, திரும்ப எடுக்கும்வரை குச்சியோடு அருகே உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் அதிகாரியும் நானும் போய் நின்றோம். அவர் அசையவில்லை.

"எழுந்து நிக்கமாட்டியா?"

"நான் எழுந்தா புள்ளைங்க வந்துடுங்க சார்."

கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பிள்ளையும் இல்லை.