ருசி பார்ப்பவளின் அண்ணன்

அண்ணன் எங்கள் வீட்டில் தங்கப் போகிறார் என்று முடிவானதும் நான் முதலில் செய்த வேலை, அலுமாரியில் இருந்த போத்தல்களைப் பழைய சேலைத் துண்டுகளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கியதுதான். என் கணவர் அதைத் தூக்கிக்கொண்டு, நான் வேலை செய்யும் ஹோட்டலுக்கு என்னோடு வந்தார். அங்கே பாரைப் பார்த்துக்கொள்பவர் பெட்டியை உள்ளறையில் வைத்துப் பூட்டினார். அண்ணனுக்கு ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டுக்கூட ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எப்போது வேண்டுமோ அப்போது வந்து எடுத்துக்கொள் என்றார்.

அந்தப் பெட்டியில் இருந்தது எல்லாம் தேன்மது. தேனில் தண்ணீர் கலந்து புளிக்கவைத்து எடுப்பது. வெளிநாட்டில் மீட் என்பார்கள். கண்டியில் அதைத் தேடிக் குடிக்கிறவர்கள் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. ஹோட்டல் வரவேற்பில் நிற்கிற எனக்கு, ஊருக்குத் திரும்புகிற ஒரு தம்பதி பாதிப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பயணப் பையில் இடமில்லை என்றார்கள். அன்று வேலை முடிந்ததும் சமையலறைப் பக்கம் நின்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நான் பிறந்தது புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். மது என்றால் எனக்குக் கள்ளச்சாராயமான கசிப்பின் வாடைதான். அப்பா வாசலுக்கு வருமுன்பே அந்த வாடை வரும். அம்மா அடுப்பில் இருக்கிற சட்டியை எடுத்து உள்ளே மறைப்பார். அந்த வாடைக்குப் பேர்தான் மது என்று முப்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த ஒரு வாயில் மழைக்குப் பிறகு பூத்த காப்பிச் செடியின் வாசம் வந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. இப்படியும் இருக்குமென்றால் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் அந்த வாடை வந்தது என்று.

பிறகு லண்டனில் இருக்கிற பள்ளித் தோழி ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு கொண்டுவந்தாள். விருந்தினர்களில் சிலரும் கொடுத்தார்கள். நான் அவற்றைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கினேன், இணையத்தில், புனைபெயரில். சின்னக் கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பேன். என் கணவர் போட்டோ எடுப்பார். அவருக்கு டவுனில் போன் திருத்தும் கடை. மதுவைத் தொடமாட்டார், ஆனால் போட்டோவில் நிழல் விழக்கூடாது என்பதில் என்னைவிட அக்கறை. நான் நெடுநேரம் மோந்து பார்ப்பேன். ஒரு மிடறு வாயில் வைத்து உருட்டி, முக்கால்வாசியைத் துப்பிவிடுவேன். பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன்.

முதலில் இனிப்பானவைதான் பிடித்தன. அவை கித்துள் பனையில் காய்ச்சும் பாணியைப் போல நாக்கில் படிந்து கிடக்கும். இரண்டாவது மிடறில் சலித்துவிடும். பிறகு இனிப்பே இல்லாத ஒன்று கிடைத்தது. தேனின் சர்க்கரை முழுவதும் புளித்துப் போய், பூவின் வாசம் மட்டும் மிஞ்சி நிற்கிற வகை. முதல் நாள் அதற்கு நாலு மார்க் போட்டேன். மூன்றாம் நாள் மறுபடி குடித்துவிட்டு எட்டாக்கினேன். ஏன் மாற்றினீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, எனக்கு அன்றைக்கு அவசரம் என்று எழுதினேன். காட்டுப் பழங்கள் சேர்த்த சிவப்பு ஒன்று கொறுக்காய்ப் புளி போட்ட குழம்பைப் போலப் புளித்தது. கறுவாவும் கிராம்பும் போட்டது எனக்கு ஆகவில்லை. மசாலா தேனை மூடிவிடுகிறது. எனக்குப் பிடித்தது தேனைச் சட்டியில் கருக விட்டுச் செய்வது. கறுப்புத் தேநீரின் நிறம். தொழிற்சாலையில் கொழுந்து வறுபடும்போது வருகிற வாசம் இதில் இருக்கிறது என்று எழுதியிருந்தேன்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். தோட்டத் தொழிற்சாலையில் வேலை. குடித்தால் யாரையும் அடிக்கமாட்டார், பேசவும் மாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். என் கல்யாணத்தன்று, எனக்காகக் காலையிலிருந்து ஒரு சொட்டும் தொடாமல் வந்தார். தாலித் தட்டைப் பிடித்து நின்றவருக்குக் கை நடுங்கிய நடுக்கத்தில் தட்டிலிருந்த தேங்காய் உருண்டு விழுந்தது. அண்ணி குனிந்து எடுத்து வைத்தார். அப்பா செத்ததும் அதே ஈரல் வியாதியில்தான்.

அண்ணனுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டதால் கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அடிக்கடி வரவேண்டியிருந்தது. அந்த வயிற்றோடு பஸ்ஸில் நின்று வரமுடியாது. ஹந்தானைச் சரிவில் இருக்கிற எங்கள் வீட்டில் தங்கட்டும் என்று நான்தான் சொன்னேன். வந்த புதிதில் நாள் முழுக்க ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பில்லாத சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தத் தேன் தண்ணியப் பத்தி எழுதுறது நீதானாமே?"

"யாரு சொன்னா?"

"மக சொன்னா. கொழும்புல அவ கூட்டாளி ஒருத்தி அத வாசிக்கிறாளாம். கொழுந்து வறுபடுற வாசம்னு எழுதியிருந்திச்சாம். அப்பா, இது அத்தையாத்தான் இருக்கும்னா."

"ஆமாண்ணே. நான்தான்."

"எனக்காகவா நிப்பாட்டுன?"

நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, "ஒன்னு படி, கேப்போம்" என்றார். கணவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். எனக்கும் அது தெரிந்தது. ஆனால் என் எழுத்தைப் படிக்கச் சொல்லி எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை. போனை எடுத்து, கருகிய தேனைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இம்புட்டு மெதுவாவா குடிப்ப?"

"ஒரு வாய்க்குப் பத்து நிமிஷம் ஆகும்ணே."

"நாங்க மூக்கப் பொத்திக்கிட்டுல்ல குடிப்போம்" என்றார். "வாசம் பட்டா வாந்தி வரும். ஒரே இழுப்பா உள்ள தள்ளிட்டு உப்ப நக்கிக்குவோம். இத்தன வருசத்துல அது என்னா ருசின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

அதற்குப் பிறகு அவ்வப்போது படிக்கச் சொன்னார். நானும் படித்தேன். இனிப்பில்லாததைப் பற்றிப் படித்தபோது, "பூ இல்லாம பூ வாசம் மட்டுமா?" என்று வியந்தார். இது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குப் புரியவில்லை. கிளினிக்கில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். குடிப்பதைப் பற்றிய பேச்சே அண்ணன் காதில் படாமல் இருப்பது நல்லது என்று அவர் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அன்றோடு நிறுத்த நினைத்தேன். அன்று சாயங்காலமே அண்ணன் கேட்டுவிட்டார்.

"ஒரு சொட்டு வாங்கிட்டு வந்து நாக்குல வையேன். முழுங்க மாட்டேன். நீ துப்புற மாதிரி துப்பிடுறேன்."

"முடியாதுண்ணே."

"வாசமாச்சும் பாக்குறேன்."

"அண்ணே, முடியாது."

அவர் சத்தம் போடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். விடிந்ததும் பையில் சட்டைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிவிட்டார். கணவர் பின்னாலேயே போய்க் கூப்பிட்டும் வரவில்லை. நான் வாசலில் நின்று அவர் சரிவில் இறங்குவதைப் பார்த்தேன். வயிறு முன்னே தள்ள, வீங்கிய கால்களை அகட்டி வைத்து, வேலியைப் பிடித்துப் பிடித்துப் போனார்.

அண்ணி போனில் அழுதார். குடிக்கவில்லை, ஆனால் பேசவும் இல்லை என்றார். அடுத்த லீவு நாளில் நான் புசல்லாவைக்குப் போனேன். லயத்து வாசலில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். முகம் சுருங்கி, கண் மஞ்சளாகி இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு எதுவும் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அந்தக் கருகின தேனுக்கு எத்தன மார்க் போட்ட?" என்றார்.

"ஏழு."

"ஏன் ஏழு? நல்லாத்தானே எழுதியிருந்த."

"கடைசியில கசக்குதுண்ணே."

"கசந்தாத்தானே சாமான்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த மழைக்காலத்தில் கண்டி ஆஸ்பத்திரி வார்ட்டில் அண்ணன் இறந்துபோனார். ஒரு கையை நானும் மறு கையை அண்ணியும் பிடித்திருந்தோம்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் படையல் போட்டபோது, சித்தப்பா கால் போத்தல் சாராயம் கொண்டுவந்து இலையோரத்தில் வைத்தார். செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்கும் வைத்தோம். அண்ணி எழுந்து வந்து போத்தலை எடுத்தார்.

"இத வைக்கக் கூடாது மாமா."

"அவன் ஆச தீராம போயிருவான்டி."

"அவரு கடைசியில தொடாமத்தான் இருந்தாரு. அந்த ஒன்னாச்சும் அவருக்கு மிஞ்சட்டும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. கூடப் பொறந்தவ. நீயே குடிக்கிறவதானே?"

எல்லோரும் திரும்பினார்கள். யார் சொன்னார்களோ, தோட்டத்தில் அது பரவிவிட்டிருந்தது. "அண்ணி சொல்றதுதான் சரி, சித்தப்பா. தேத்தண்ணி வைப்போம்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

வெகுநாள் நான் எதையும் ருசி பார்க்கவில்லை. ஹோட்டலில் பெட்டி அப்படியே இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரே ஒரு போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொன்னிறம், இனிப்பு நடுத்தரம், லேசாகத் தோடம்பழத் தோலின் வாசம். அண்ணன் இருந்தால் என்ன கேட்டிருப்பார் என்ற நினைப்பு வந்து, எழுதியது பாதியில் நின்றது. அந்தச் சமயம்தான் கண் கிளினிக்குக்காக அண்ணி எங்கள் வீட்டில் வந்து தங்கினார். மேசையில் கிளாஸைப் பார்த்ததும் நான் எடுத்து மறைக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இதத்தான் அவருக்குப் படிச்சுக் காட்டுனியா?"

"இந்த மாதிரி வேற ஒன்ன, அண்ணி."

"மோந்து பாக்கட்டா?"

கொடுத்தேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கருகே கொண்டுபோனார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூ என்பாரா, தேன் என்பாரா என்று. அவர் முகம் சுளிக்கவில்லை. மெதுவாகக் கீழே வைத்தார்.

"எனக்கு அதே வாடதான் தங்கச்சி" என்றார். "நீ எழுதுனது பொய்யின்னு சொல்லல. உனக்கு அந்த வாசமெல்லாம் வருது. எனக்கு வராது."

சரி என்றேன். கிளாஸைக் கொண்டுபோய்க் கழுவினேன். அண்ணி பக்கத்தில் வந்து நின்று, ராத்திரிக்கு ரொட்டி சுடவா என்று கேட்டார். இருவருமாக மாவு பிசைந்தோம். வேறு பல தேன்மதுக்களைப் பற்றி அதன் பிறகு எழுதியிருக்கிறேன். அந்தப் போத்தலைப் பற்றி மட்டும் எழுதவில்லை.