மச்சினன் ஓங்கிய கை

இன்று காலை கிரிவலப் பாதையில் என் மச்சினனைக் குரங்கு கடித்துவிட்டது. வாழைப்பழத்தைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் செல்ஃபி எடுத்தால் அது வேறென்ன செய்யும்?

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இருந்த ஒரே சிஸ்டர், மூச்சுத் திணறிய ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ரத்தம் ஊத்துது, கண்ணு தெரியல?" என்று எகிறினான் மச்சினன்.

"அங்க சோப்பு இருக்கு, காயத்தை நல்லா கழுவுங்க. இவரைப் பார்த்துட்டு வரேன்."

அவ்வளவுதான். நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, கையை ஓங்கிக்கொண்டு போனான். அவனைப் பிடிக்க வேண்டிய நானோ, வீரமாகக் கதவோரம் நகர்ந்துகொண்டேன்.

சிஸ்டர் பெரியவரின் மாஸ்க்கிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"அடிங்க சார். ஆனா ஜாமீன் கிடையாது. சுவத்துல போர்டு இருக்கு, படிச்சிட்டு அடிங்க."

அவனுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. "மாமா, நெஜமாவா?" என்றான்.

ஆஸ்பத்திரி ஊழியர்களை அடித்தால் ஜெயில் என்ற சட்டத்தை நான் சத்தமாகப் படிக்கப் படிக்க, கை மெதுவாக இறங்கிப் பின்னந்தலையைச் சொறிந்தது. "சாரி சிஸ்டர்."

சத்தம் கேட்டு வந்த டாக்டர், "போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

நான் அவசரமாக அவரைக் கும்பிட்டேன். சிஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஒரு வாட்டி விடுங்க டாக்டர்."

பிறகு சிஸ்டரே அவனுக்கு ஊசியும் போட்டார். பெரியவருக்கும் மூச்சு சீரானது. எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவன் என் மனைவியிடம் சொல்கிறான்: "பாவம்னு அந்த சிஸ்டரை விட்டுட்டேன்க்கா."

யார் யாரை விட்டார்கள், நீங்களே சொல்லுங்கள்.